திட்டாத வியாழக்கிழமை

போன பொங்கலுக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்திருந்தபோது நான் பால் வாங்கிக்கொண்டு நம் தெரு மேட்டில் ஏறி வந்தேன். வரும்போது கரண்டு கம்பத்தைத் திட்டினேன். அடுத்து பஞ்சாயத்துக் குழாயைத் திட்டினேன். வழியில் படுத்துக் கிடந்த வெள்ளாட்டையும் விடவில்லை. சின்னவன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "யக்கா, அப்பாவுக்கு இன்னாவோ ஆயிடுச்சி, தனியா பேசிக்கினு வராரு" என்று பெரியவளைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் சிரித்தீர்கள். உங்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு விஷயம் தெரியும்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டிப் பார்க்கிறார்களே ஒரு கருவி, அது மாதிரி எனக்கு அந்தத் திட்டு. அதை எனக்குப் பழக்கிவிட்டது ஒரு அம்மா. அவரைப் பற்றி எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். மூட்டையில் மார்க்கு போட்டதைத் தவிர பெரிதாக எதுவும் எழுதியதில்லை. எழுத்துத் தப்பு இருந்தால் திருத்திப் படியுங்கள். இதில் வேறு ஒரு தப்பும் வரும். அது பெரியவளுக்கு நான் செய்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அவர் பேரை எழுதப் போவதில்லை. எழுதினால், "எம் பேர எதுக்குயா ஊர் சுத்த வுடற?" என்று கேட்பார். கல்வராயன் மலைக்காரர் என்பதால் நாங்கள் அவரை மலைக்காரம்மா என்போம். நேரில் 'யக்கா' என்று கூப்பிடுவோம்.

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரைஸ்மில்லில் தவிட்டுத் தூசி, உமி அடுப்புப் புகை, போதாததற்கு என் பீடி. இருபத்தாறு வருஷம் இதெல்லாம் நெஞ்சுக்குள் போயிருக்கிறது. மூட்டை தூக்க முடியாமல் போனது. பிறகு படி ஏற முடியவில்லை. கடைசியில் குனிந்து செருப்பு மாட்டினாலே மூச்சு வாங்கியது. யார் கேட்டாலும் "கேஸ் டிரபுள்" என்று சொல்லி வைத்திருந்தேன். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்து எழுந்தபோது டாக்டர், "இது நுரையீரல் அடைப்பு நோய். போகாது. ஆனா இதோட நல்லா இருக்கக் கத்துக்கலாம், அதுக்கு ஒரு கிளாஸ் இருக்கு" என்றார். டவுனுக்கு வெளியே ஒரு சுகாதார நிலையத்தில், வியாழக்கிழமைதோறும், இதே நோய்க்காரர்களை ஒன்றாக உட்காரவைத்து நடத்தினார்கள். நாங்கள் அதை மூச்சு கிளாஸ் என்போம்.

அப்போது பெரியவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பனுக்கு இளைப்பு என்று தெரிந்தால் டிபி என்பார்கள், பெண்ணுக்கும் இருக்குமோ என்பார்கள். அதனால் ஸ்பிரே மருந்தைக் கைத்துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பையின் அடியில் ஒளித்து வைத்திருப்பேன். மூச்சு கிளாசுக்குப் போகும்போது உங்களிடம் ரேஷன் கார்டு வேலை என்று சொன்னேன். எத்தனை வாரம்தான் ரேஷன் கார்டு வேலை நடக்கும் என்று நீங்களும் கேட்கவில்லை.

முதல் நாள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். பாடம் எடுக்க வந்தது பிசியோதெரபி படித்த ஒரு சின்னப் பெண். "எல்லாரும் மருந்து சரியா எடுக்கறீங்களா?" என்று கேட்டது. "எடுக்கறோம்மா" என்றோம். "எப்படி எடுக்கணும்னு தெரியுமா?" என்றது. "தெரியும்மா" என்றோம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி.

அந்த நேரம் வெளியே ஒரு குரல் கேட்டது.

"ஸ்டாப்பிங்கு இங்க கீது. அந்தக் கண்டக்டரு அரை மைலு தாண்டிக் கொண்டுபோயி நிறுத்தறான். அவன் மாமியா வூடு அங்கயா கீது?"

குரலுக்குப் பின்னால் ஆள் வந்தார். ஒல்லி உடம்பு. புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை. கையில் மஞ்சப் பை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, உதட்டைக் குவித்து நாலு முறை மூச்சு விட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து கண்டக்டரைத் திட்டி முடித்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

"இன்னா கேட்டுக்கினு இருந்த பாப்பா?"

"மருந்து எடுக்கத் தெரியுமான்னு கேட்டேம்மா. எல்லாரும் தெரியும்னாங்க."

"அப்டியா? ரொம்ப சந்தோசம். எனுக்குத் தெரியாது." எங்கள் பக்கம் திரும்பினார். "டாக்டரு எனுக்கு மாத்திர குடுத்தாரு. கூடவே ஒரு பிளாஸ்டிக்கு விசிலு குடுத்தாரு. மாத்திரய சுடுதண்ணி ஊத்தி முழுங்கனன். விசில பேரங்கிட்ட குடுத்துட்டன். நாலு மாசம்! மூச்சு கொறயல. போயி டாக்டர நல்லா திட்டிட்டன், இன்னா மருந்து குடுக்கறன்னு. அவரு, 'மாத்திரய அதுக்குள்ள போட்டு இழுக்கணும், அது எங்கம்மா?'ன்னாரு. பேரன் ஊதிக்கினு கீறான்னன்."

நாங்கள் சிரித்த சிரிப்பு இருமலாகிவிட்டது. ஒன்பது பேரும் இருமி அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. அவர் அதுவரைக்கும் காத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"முழுங்கனது கூட தப்பில்ல. டாக்டரு 'தெரிஞ்சுதா?'ன்னு கேட்டப்ப தெரியாமயே தலய ஆட்டனன் பாரு, அதுக்கு என்னச் செருப்பால அடிக்கணும்."

ஒருவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். வாழைக்காய் மண்டியில் லோடு தூக்குகிறவர். "நானும் முழுங்கனன்க்கா. ரெண்டு மாசம்." இன்னொருவர், இழுப்பதற்குப் பதிலாக ஊதிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஒவ்வொருவரும் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் சும்மா இருந்தேன். என்னுடையது ஸ்பிரே, மாத்திரை இல்லை, எனக்குச் சரியாகத் தெரியும் என்று நினைத்தேன்.

"மில்லுக்காரரே, நீ இன்னா?"

"எனக்குத் தெரியுங்க."

"தெரியும்னு வாயால சொல்லாத. செஞ்சி காட்டு."

பையைத் திறந்து, துண்டைப் பிரித்து, வாயில் வைத்து அழுத்தினேன். மருந்து நாக்கில் பட்டு வெள்ளைப் புகையாக வெளியே வந்தது.

"பாத்தியா? மருந்து வாய்க்குள்ள போயி வேடிக்க பாத்துட்டுத் திரும்பி வந்துடுச்சி" என்றார். மறுபடியும் எல்லோருக்கும் இருமல். அந்தப் பெண் வந்து, தண்ணீர் பாட்டிலின் அடியில் ஸ்பிரே நுழைகிற மாதிரி ஓட்டை போட்டு, பாட்டில் வாயை என் வாயில் வைத்து, மெதுவாக இழுத்துப் பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது. அத்தனை நாளும் நான் நாக்குக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

அவர் திட்டாத பொருள் கிடையாது. சட்டைப் பொத்தானைத் திட்டுவார், மழை வந்தால் மழையைத் திட்டுவார். என் பக்கத்தில் ஒரு நாள் வந்து உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிவிட்டு, "இன்னாயா, உம்மேல தவுட்டு வாசன கம்மியா கீது, பீடி வாசன ஜாஸ்தியா கீது?" என்றார். வாழைக்காய் மண்டி லோடுமேனின் சட்டைப் பையில் கை விட்டு ஒரு கட்டு பீடியை எடுத்து, கை கழுவுகிற பக்கெட்டில் போட்டு அமுக்கினார். லோடுமேன் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். வாசல் வரை போய் மூச்சு வாங்கி நின்றார். "நிக்கறியா? நில்லு. இங்கயே வாங்கிக்க. பஸ்டாண்டு வரைக்கும் கோவமா போறதுக்கு உனுக்கு ஏது மூச்சு?" என்றார் உட்கார்ந்த இடத்திலிருந்து. லோடுமேன் திரும்பி வந்து உட்கார்ந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. சில நேரம் அவர் பேச்சு ரொம்பத்தான் சுடும். ஆனால் லோடுமேன் அதற்குப் பிறகு பீடி வாங்கவில்லை. நானும்தான்.

மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும்போது அந்தப் பெண், "பூவை முகர்ற மாதிரி மூக்கால இழுங்க, மெழுகுவத்திய ஊதற மாதிரி வாயால விடுங்க" என்றது. மலைக்காரம்மா அடுப்பு ஊதுவது போல் பலமாக ஊதிவிட்டார். தலை சுற்றியது. "அவ்ளோ வேகமா இல்லம்மா, அணையாம ஆடணும் அவ்ளோதான்" என்றது பெண். அவர் யோசித்தார். "சூடு கஞ்சிய ஊதற மாதிரியா?" "அதேதாம்மா." "அப்டி சொல்லு. நாப்பது வருசம் வெறகடுப்ப ஊதித்தான் இந்த நெஞ்சு போச்சி. இப்பக் கஞ்சி ஊதித் திருப்பி வாங்கறன்." அன்றிலிருந்து எங்களுக்கு அது கஞ்சி மூச்சு.

ஒரு வாரம் அந்தப் பெண் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டம் போட்ட அட்டை கொண்டுவந்தது. நல்லா இருக்கிற நாள் பச்சை. மூச்சு கூடினால் மஞ்சள், மருந்து கூட்ட வேண்டும். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி.

"எங்க மலையில சிக்னலும் இல்ல, நிக்கறதுக்கு வண்டியும் இல்ல" என்றார் மலைக்காரம்மா. "எனுக்கு ஒரு கணக்கு கீது, சொல்லட்டா? நடந்துக்கினே திட்ட முடிஞ்சா, நல்லா கீறன்னு அர்த்தம். நின்னாதான் திட்ட வருதுன்னா சுமாரு. ஸ்பிரே இழுக்கணும், ஒக்காரணும். நின்னும் திட்ட வரலன்னா..."

"வரலன்னா?"

"அது நானே இல்ல. தூக்கிக்கினு ஓடுங்க."

எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டது. அடுத்த வாரம் அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குக் கீழே பேனாவால் 'திட்ட முடியவில்லை' என்று எழுதியிருந்தது. "நான் நல்லவன்க்கா, யாரையும் திட்ட மாட்டன், எனுக்கு இன்னா அளவு?" என்று லோடுமேன் கேட்டார். "நீ பாடு. அத நாங்க திட்டறம்" என்றார்.

இவ்வளவு பிடிவாதமாக அவர் கற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. கரியாலூருக்கு மேலே ஒரு ஏற்றத்தில் அவர் வீடு. வண்டி போகாது. நடந்துதான் ஏற வேண்டும். மூச்சு முடியாமல் போனபோது கம்பில் போர்வை கட்டி டோலியில் வைத்து அவரைக் கீழே தூக்கி வந்தார்கள். அன்றிலிருந்து ரிஷிவந்தியம் பக்கம் கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை செய்த மகனோடு ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார். வீடு மலையில் பூட்டிக் கிடந்தது.

"உசுரு இருக்கறவளப் பொணம் மாதிரி தூக்கினு வந்தாங்க. வழியில அத்தினி பேரும் பாத்தாங்க" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். அவர் திட்டாமல், மெதுவாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான். "இந்தப் பொங்கப் பான எங்கூட்டுலதான் வைக்கணும். எங்காலால ஏறிப்போயி வைக்கணும். டோலி வேணாம்."

அதற்காகச் சுகாதார நிலையத்துக் காம்பவுண்டைச் சுற்றி நடந்தார். தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்கினார். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். முதல் மாதம் ஒரு சுற்று. ஐப்பசிக்குள் எட்டுச் சுற்று, கேட்டையும் செடியையும் திட்டிக்கொண்டே. எங்களையும் விடவில்லை. ஒரு ஆள் வரவில்லை என்றால் அன்று சாயங்காலமே போன் வரும்.

எனக்கும் வந்தது. நடந்தது இதுதான். ஒரு வியாழக்கிழமை அவரும் நானும் ஒரே பஸ்சில் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு மூச்சு திணறியது. பக்கத்தில் நம் ஊர் ஆள் ஒருவர். பையைத் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முன்சீட்டிலிருந்து அவர் திரும்பிப் பார்த்தார். "யோவ் மில்லுக்காரரே! யாருக்குயா பயப்புடற? எடுத்து இழுயா!" பஸ்சே திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்த இரண்டு வாரம் கிளாசுக்குப் போகவில்லை.

போனில் அவர் சொன்னார்: "பொண்ணுக்கு வரன் பாக்கற, அதான ஒளிக்கற? கல்யாணத்துல தாலி எடுத்துக் குடுக்கறப்ப அப்பன் நிக்க வேணாமா? ஒளிச்சி ஒளிச்சி நீ போயிட்டினா, அவ உன் போட்டோவுக்குப் பூ போட்டுட்டு மணவறையில ஒக்காருவாளா?" நான் போனை வைத்துவிட்டேன். மறு வாரம் போனேன். ஆனால் மருந்து மட்டும் துண்டுக்குள்ளேயே இருந்தது.

கார்த்திகை மாதம். பனி இறங்கிய காலை. அன்றும் வியாழக்கிழமை. பஸ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், பெரியவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் சித்தப்பா. பேச்சு கிட்டத்தட்ட முடிகிற நிலைமை. "உடம்புக்கு இன்னாங்க, எளச்சிருக்கீங்க?" என்றார். "கேஸ் டிரபுளுங்க" என்றேன்.

மலைக்காரம்மாவின் ஸ்டாப்பிங் வந்தது. வழக்கம்போல் கண்டக்டர் தாண்டிப் போய் நிறுத்தினார். மலைக்காரம்மா பின்னாலிருந்து நடந்து வந்து படியில் ஏறினார். கண்டக்டர் சிரித்துக்கொண்டே, "வாம்மா, ஆரம்பி" என்றார்.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதுவும் சொல்லவில்லை.

"இன்னாம்மா, இன்னிக்கு லீவா?" என்றார் கண்டக்டர். "மலைக்காரம்மா மௌன விரதம்டோய்!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். பஸ் முழுக்கச் சிரிப்பு. அவர் காலிச் சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி முன்னால் குனிந்தார். கழுத்துக் குழி உள்ளே உள்ளே போனது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை.

அந்தப் பஸ்சில் அவ்வளவு பேர் இருந்தும், அது சிவப்பு என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பெரியவளே, பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் நான் உட்கார்ந்தேதான் இருந்தேன். பக்கத்தில் சித்தப்பா. என் மடியில் பை. பைக்கடியில் துண்டு. அந்த ஒரு நிமிஷம் உன் கல்யாணத்தை நினைத்தேன். அப்புறம் எழுந்துவிட்டேன்.

அவர் மஞ்சப் பையில் ஓட்டை போட்ட பாட்டிலும், அவசரத்துக்கு டாக்டர் கொடுத்த ஸ்பிரேயும் இருந்தன. குலுக்கிப் பார்த்தேன், காலி. என் பையைக் கவிழ்த்துத் துண்டைப் பிரித்து என் நீலக்கலர் ஸ்பிரேயை எடுத்தேன். அவர் பாட்டிலில் அதை மாட்டி வாயில் வைத்தேன். "யக்கா, மெதுவா இழு. கஞ்சி மூச்சு. நான் எண்ணறன்." ஒரு அழுத்து, ஆறு மூச்சு. மறுபடி ஒரு அழுத்து. அவர் கை என் சட்டையைப் பிடித்திருந்தது.

"அண்ணே, எங்கயும் நிறுத்தாத. பெரியாஸ்பத்திரிக்கு வுடு" என்றேன் கண்டக்டரிடம்.

"இன்னாங்க, ஒண்ணும் சொல்லாமதான ஒக்காந்திருந்திச்சி?"

"அதான்யா ஆபத்து! இத்தினி மாசமா உன்னத் திட்டற அம்மா, இன்னிக்குத் திட்டலயே, உனுக்கு ஒறைக்கல?"

கண்டக்டர் முகம் மாறிவிட்டது. விசிலை ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார். டிரைவர் எந்த ஸ்டாப்பிங்கிலும் நிற்கவில்லை. பஸ்ஸ்டாண்டுக்குத் திரும்பாமல் ஆஸ்பத்திரி கேட்டுக்கே கொண்டுபோய் விட்டார். கண்டக்டரும் நானும் இரண்டு பக்கமும் தாங்கி இறக்கினோம். உள்ளே கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்தார்கள். ஆவி மெஷினை வாயில் மாட்டினார்கள்.

வெளியே வந்தால் சித்தப்பா என் சாப்பாட்டுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அந்த மருந்து உங்களுதுங்களா?"

"ஆமாங்க. எனக்கும் அதே நோய்தான். கேஸ் இல்லிங்க."

அவர் பையைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸ்டாண்டு பக்கம் நடந்தார். நாலு நாள் கழித்து, வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். பெரியவளே, உன்னிடம் ஜாதகம் சேரவில்லை என்று சொன்னோமே, அது பொய். ஜாதகம் நன்றாகத்தான் சேர்ந்தது. அந்த வரன் நின்றது என்னால். ஏழு வருஷமாக இதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், மறைத்ததற்கு. பஸ்சில் எழுந்ததற்குக் கேட்க மாட்டேன்.

பிறகு உன் வீட்டுக்காரர் குடும்பம் வந்தபோது, காபி கொடுப்பதற்கு முன்னாலேயே ஸ்பிரேயை எடுத்து அவர்கள் எதிரில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் மாமனார் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "எங்கண்ணனுக்கு இதான். அவரு என்னாடான்னா மாத்திரயத் தண்ணி ஊத்தி முழுங்கறாருங்க" என்றார். உங்கம்மா உள்ளே திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

மலைக்காரம்மா மூன்று நாள் பேசவில்லை. நான் தினமும் போய்ப் பார்ப்பேன். கண்ணை மூடிப் படுத்திருப்பார். நாலாம் நாள் ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன். கண்ணைத் திறந்தார். ரொட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாயா இது, செங்கல்லா? சூளைல வாங்கனியா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நர்சம்மா ஓடிவந்து, "ஏம்மா, மெதுவா பேசு" என்றார். "நான் பேசலம்மா, திட்டறன்" என்றார் அவர். நான் வராண்டாவுக்குப் போய் லோடுமேனுக்குப் போன் போட்டேன். "திட்டிடுச்சிப்பா" என்றேன். அந்தப் பக்கம் மண்டியில் அவர் கத்தியது எனக்குக் கேட்டது.

காலி ஸ்பிரேயோடு அவர் ஏன் வந்தார் என்று பிறகு தெரிந்தது. இரண்டு நாளாகவே நின்று நின்றுதான் திட்ட வந்திருக்கிறது. வியாழக்கிழமை கிளாசில் புது ஸ்பிரே வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். இதை அவரே அடுத்த கிளாசில் எழுந்து நின்று எல்லோருக்கும் சொன்னார். "அளவ வச்சவ நான். அத மீறனவளும் நான். ரெண்டு நாள் தள்ளிப்போட்டன். நீங்க யாரும் இந்தக் கழுத மாதிரி பண்ணாதீங்க." கழுதை என்றபோது தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மறுபடி ஒரு சுற்றிலிருந்து நடக்க ஆரம்பித்தார். டாக்டர், "அடுத்த வருஷம் போகலாமே" என்றார். "அடுத்த வருசம் பொங்கலு வரும். நான் வருவனா?" என்றார்.

தை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது கரியாலூரில் பஸ்சை விட்டு இறங்கினோம். அவர், மகன், நான், லோடுமேன், அந்தப் பிசியோதெரபிப் பெண். வெயில் ஏறட்டும் என்று டீக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஸ்பிரே இழுத்துவிட்டுக் கிளம்பினோம். மேலேயிருந்து அவர் அண்ணன் மகன்கள் இரண்டு பேர் டோலியோடு இறங்கி வந்தார்கள்.

"அத்த, ஏறு."

"தூக்கினு வந்துட்டீங்களா? ரொம்ப நல்லது. இந்த லோடுமேன அதுல போடுங்க. பொறந்ததுலருந்து தூக்கியே பழக்கம், ஒரு நாளு ஒக்காரட்டும்."

லோடுமேன் ஓடி ஒதுங்கினார். கடைசியில் டோலியில் எங்கள் பைகளையும், கரும்பையும், பொங்கல் பானையையும் வைத்துக் கட்டினார்கள். பானை டோலியில் போக, பானைக்காரி நடந்தார்.

பத்து அடி, நின்று கஞ்சி மூச்சு, மறுபடி பத்து அடி. கல்லைத் திட்டினார். பலா வேரைத் திட்டினார். ரோடு போடாதவர்களை ஒரு வளைவு முழுக்கத் திட்டினார். நாங்கள் பின்னால் அதைக் கேட்டுக்கொண்டே ஏறினோம். ஐந்தாவது நிறுத்தத்தில் சத்தம் நின்றது. மரத்தைப் பிடித்து நின்றார். எங்களில் யாரும் மூச்சு விடவில்லை. அந்தப் பெண் விரல் கருவியை எடுத்தது. டோலிக்காரர்கள் பானையை இறக்கிவைக்கப் பார்த்தார்கள். அவர் ஒரு விரலைத் தூக்கி, இரு என்று காட்டினார். உதட்டைக் குவித்து ஊதினார். மறுபடி ஊதினார். எத்தனை ஊதினார் என்று நான் எண்ணவில்லை.

"இன்னாத்துக்குடா எல்லாம் என் வாயவே பாத்துக்கினு நிக்கறீங்க? வழிய வுடுங்க!"

லோடுமேன் கை தட்டிவிட்டார். அதற்கும் திட்டு வாங்கினார்.

மேலே போய்ப் பூட்டைத் திறந்தார். அடுப்படிச் சுவர் தார் பூசின மாதிரி கருப்பாக இருந்தது. ஒரு ஜன்னல் கிடையாது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மகனைக் கூப்பிட்டார். "கடப்பாறய எடு. அடுப்புக்கு மேல இங்க இடி. பானய அப்புறம் வைக்கலாம்." சுவரில் ஓட்டை விழுந்து வெளிச்சம் வந்த பிறகுதான் வேறு வேலை நடந்தது.

அதன் பிறகு அவர் மலையிலேயே இருந்தார். மாதம் ஒரு முறை மகன் கீழே வந்து மருந்து வாங்கிப் போவான். அவர் வீட்டுக்கு மேலே ஒரு பாறையில்தான் போன் சிக்னல் கிடைக்கும். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அந்தப் பாறையில் ஏறி நின்று போன் போடுவார். ஸ்பீக்கரில் போட்டுக் கிளாஸ் முழுக்கக் கேட்போம். புதிதாக வந்தவர்கள் யார் என்று கேட்டு அவர்களையும் விசாரிப்பார். "தெரியும்னு சொன்னானா? செஞ்சி காட்டச் சொல்லு."

நாலு வருஷம் அப்படி நடந்தது. ஒரு புதன்கிழமை மகன் போன் செய்து, அம்மா போய்விட்டது என்றான். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. "கடசியா திட்டிச்சாப்பா?" என்றேன்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் திட்டிக்கினேதாங்க இருந்திச்சி. ஆட்டுக்குத் தழ ஒடிக்கலன்னு என்னத்தான். ராத்திரி தூக்கத்துலயே போயிட்டுது" என்றான். டோலியில் வைத்துத்தான் எடுத்துப் போனார்களாம். அதற்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

இதை நீங்கள் படிக்க வேண்டியது இதற்காகத்தான். எனக்கு இந்த நோய் போகாது. நான் மேட்டில் ஏறும்போது கரண்டு கம்பத்தைத் திட்டினால் கவலைப்படாதீர்கள், அப்பா நன்றாக இருக்கிறார். நின்றுகொண்டு திட்டினால் ஒரு நாற்காலி எடுத்துப் போடுங்கள். நீங்கள் ஏதாவது தப்புச் செய்து, நான் உங்களைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் உட்கார்ந்திருந்தால், அப்பாவுக்கு மனசு இளகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உடனே வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஸ்பிரேயைத் தேட வேண்டாம். சட்டை மேல் பையில்தான் இருக்கிறது. வெளியே தெரிகிற மாதிரியே வைத்திருக்கிறேன்.